சுடுகாட்டுமல்லியின் கணக்கு

கோட்டுச்சேரிமேட்டின் கடற்கரை மணலில் எதுவும் எளிதில் வேர்பிடிப்பதில்லை. உப்புக்காற்றும் வெயிலும் மற்ற செடிகளைக் கருக்கிவிடும். ஆனால், படகுகள் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் மேட்டுக்குப் பின்னே ஒரு செடி மட்டும் ஆண்டு முழுவதும் இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் பூத்துக் குலுங்குகிறது. யாரும் அதை நடுவதில்லை, நீர் ஊற்றுவதுமில்லை. ஆடுகூட அதில் வாய் வைப்பதில்லை. நித்தியகல்யாணி என்று மங்கலமாகவும், சுடுகாட்டுமல்லி என்று அமங்கலமாகவும் நாம் அழைக்கும் செடி அது. பட்டிப்பூ என்ற பெயரும் அதற்கு உண்டு.

கோட்டுச்சேரியில் வசிக்கும் என் தமக்கைக்கு வயது எழுபத்திரண்டு. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோயாளி. சென்ற ஆண்டு ஒருநாள் காலை அவருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கி, பேச்சுக் குழறியது. மருத்துவமனையில் சோதித்தபோது ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. "என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மருத்துவர் கேட்டார். மாத்திரைகளின் பெயரை மட்டும் அக்கா சொன்னார். வீடு திரும்பிய பிறகே அடுப்படியில் ஒரு குவளையில் இலைக் கஷாயம் வடிகட்டி வைக்கப்பட்டிருந்ததைப் பார்த்தேன். மீன் கொண்டுவரும் அம்மாள், மேட்டு மணலில் பறித்த நித்தியகல்யாணி இலையையும் பூவையும் கூடையின் ஓரத்தில் வைத்து வாரந்தோறும் கொடுத்துவந்திருக்கிறார். அன்பினால் கொடுத்ததுதான், காசுகூட வாங்கியதில்லை. "டாக்டரிடம் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். "அவர் மருந்தைத்தானே கேட்டார், இது இலைதானே" என்றார் அக்கா.

அந்த ஒரு வாக்கியமே இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது. பொருளியல் கற்பித்தவன் தாவரத்தைப் பற்றி எழுதுவது எல்லை மீறலாகத் தோன்றலாம். ஆனால், இலை எப்போது மருந்தாகிறது, அந்த மாற்றத்தில் யாருக்கு என்ன கிடைக்கிறது என்பவை பொருளியலின் கேள்விகளும்தான்.

நித்தியகல்யாணியை நம் மூதாதையரின் மூலிகை என்று பெருமைப்படும் முன் ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். இதன் தாயகம் தமிழகம் அன்று, மடகாஸ்கர் தீவு. 18ஆம் நூற்றாண்டில் அங்கிருந்து விதைகள் பாரிஸ் சென்றன; பிரெஞ்சு மன்னரின் தோட்டத்தில் முளைத்தன; அங்கிருந்து லண்டனின் செல்சி மூலிகைத் தோட்டத்துக்குப் போயின. 1759இல் லின்னேயஸ் இதற்கு 'வின்கா ரோசியா' என்று பெயரிட்டார். 1837இல் ஜார்ஜ் டான் 'கேதராந்தஸ்' என்ற இனத்துக்கு மாற்றினார். கிரேக்கத்தில் அதற்குத் தூய மலர் என்று பொருள். நாம் சுடுகாட்டோடு சேர்த்த பூவை அவர்கள் தூய்மையோடு சேர்த்திருக்கிறார்கள். மிளகாயும் மரவள்ளியும்போல, வெளியிலிருந்து வந்து நம் மண்ணில் கலந்துவிட்ட செடி இது.

வந்த இடத்திலெல்லாம் மக்கள் இதை மருந்தாகப் பழகினார்கள். இந்தியாவில் குளவி கொட்டிய இடத்தில் இதன் இலைச்சாற்றைத் தடவும் வழக்கம் உண்டு. எல்லாவற்றையும்விட வியப்பானது, நீரிழிவுக்கு இதைப் பயன்படுத்தும் வழக்கம். ஜமைக்காவிலும் பிலிப்பைன்ஸிலும் தென்னாப்பிரிக்காவிலும் தமிழகக் கடற்கரையிலும் இலையையோ பூவையோ கொதிக்கவைத்துச் சர்க்கரைக்காகக் குடித்திருக்கிறார்கள். ஒன்றுக்கொன்று வெகுதொலைவில் உள்ள மக்கள் ஒரே செடியை ஒரே நோய்க்கு நாடியது அறிவியலாளர்களின் கவனத்தை ஈர்த்ததில் வியப்பில்லை.

1952ஆம் ஆண்டு ஜமைக்காவிலிருந்து ஓர் அஞ்சல் உறை கனடாவுக்கு வந்தது. அதில் இந்தச் செடியின் 25 இலைகள் இருந்தன. அதைப் பெற்ற மருத்துவர் கிளார்க் நோபிள், முன்பு டொரான்டோவில் இன்சுலின் ஆய்வுக் குழுவோடு பணியாற்றியவர். ஓய்வுபெற்றுவிட்ட அவர், அந்த உறையை வெஸ்டர்ன் ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த தம் சகோதரர் ராபர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். இலைச் சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை குறையவில்லை. ஊசிவழியாகச் செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோய் கண்டு இறந்தன.

அங்கே கைவிட்டிருந்தால் அது தோல்வியுற்ற ஆய்வாக முடிந்திருக்கும். எலிகள் ஏன் இறந்தன என்று நோபிள் தேடினார். அவற்றின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. எலும்பு மஜ்ஜை ஒடுங்கியிருந்தது. வெள்ளையணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளையணுக்கள் கட்டின்றிப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் உதவக்கூடும் அல்லவா? வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் அறிவித்தார். அதுவே வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வபோடாவின் குழுவும் இதே செடியைத் தனியாக ஆராய்ந்து, ரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளின் ஆயுள் நீடிப்பதைக் கண்டது. அங்கிருந்து வந்தது வின்கிரிஸ்டின். 1961இலும் 1963இலும் இவ்விரண்டும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றன.

இவை எவ்வாறு செயல்படுகின்றன? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியும்போது, அதன் மரபுப் பொருளைச் சமமாக இரு பக்கமும் இழுத்துச் செல்ல, டியூபுலின் என்ற புரதத்தால் ஆன நுண்குழல்கள் கயிறுகள்போல உருவாகின்றன. வின்கிரிஸ்டினும் வின்பிளாஸ்டினும் டியூபுலினோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கயிறு திரியாமல் தடுத்துவிடுகின்றன. பிரியத் தொடங்கிய அணு பாதியில் நின்று மடிகிறது. ஓயாமல் பிரிந்துகொண்டேயிருக்கும் புற்றணுக்களை இது அதிகம் தாக்குகிறது. ஆனால், உடலில் நல்ல அணுக்களும் பிரிகின்றன. எலும்பு மஜ்ஜையும் மயிர்க்காலும் அவ்வாறு பிரிபவையே. நரம்புகளிலோ, நுண்குழல்களே பொருள்களைச் சுமந்து செல்லும் பாதை. ஆகவே, வின்பிளாஸ்டின் ரத்த அணுக்களைக் குறைக்கிறது. வின்கிரிஸ்டின் கை, கால்களை மரத்துப்போகச் செய்கிறது. இம்மருந்தைச் சிரைவழியாக மட்டுமே செலுத்த வேண்டும். வழிதவறித் தண்டுவட நீரில் செலுத்தப்பட்டால் உயிரையே பறித்துவிடும்.

இத்தனை கடுமையானாலும், குழந்தைகளுக்கு வரும் கடுமையான ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முதல்வரிசை மருந்து. 1960களின் தொடக்கத்தில் அந்நோய் கண்ட குழந்தைகளில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே நீண்ட நாள் பிழைத்தது. இன்று வளர்ந்த நாடுகளில் பத்தில் ஒன்பது பிழைக்கின்றன. இந்தச் சாதனை ஒரே மருந்தால் விளைந்ததன்று. பல மருந்துகளின் கூட்டு. அக்கூட்டில் நம் மணல்மேட்டுச் செடிக்கும் நிலையான இடம் உண்டு. வின்பிளாஸ்டின் ஹாட்ஜ்கின் வகை நிணநீர்ப் புற்றுக்குத் தரப்படுகிறது. இதே செடியின் வேதிப்பொருளை மாற்றியமைத்துப் பிரான்சில் பியர் போத்தியேயின் குழு உருவாக்கிய வினோரெல்பின், நுரையீரல், மார்பகப் புற்றுகளுக்குப் பயன்படுகிறது. வேரிலிருந்து எடுக்கப்படும் அஜ்மலிசின் ரத்த ஓட்டத்துக்கான மருந்தாகிறது. இந்த ஒரு செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆல்கலாய்டுகள் உள்ளன.

இனி, வீட்டில் காய்ச்சும் கஷாயத்துக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டின் எடுக்க 500 கிலோவும், ஒரு கிராம் வின்கிரிஸ்டின் எடுக்க 2,000 கிலோவும் உலர்ந்த இலை வேண்டும் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. வளர்ந்த ஒருவருக்கு ஒரு வேளைக்குத் தரப்படும் வின்கிரிஸ்டின் பொதுவாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அந்த ஒரு வேளை மருந்துக்கே 4 கிலோ உலர்ந்த இலையும், அதைப் பிரித்தெடுக்கும் ஆலையும் தேவை. ஆகவே, கைப்பிடி இலையைக் கொதிக்கவைத்துக் குடித்தால் புற்றுநோய் தீரும் என்று செல்பேசியில் சுற்றும் செய்திகள், கணக்குப் போட்டுப் பார்த்தாலே உடைந்துவிடும். அதை நம்பிச் சிகிச்சையைத் தள்ளிப்போடும் நோயாளி, திரும்பக் கிடைக்காத மாதங்களை இழக்கிறார்.

சர்க்கரை நோய்க்கு இது உதவாதா? ஆய்வக விலங்குகளிடம் இலைச் சாறு சர்க்கரையைக் குறைத்ததாகப் பிற்கால ஆய்வுகள் சில காட்டியுள்ளன. நாட்டார் அனுபவத்தை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. ஆனால், எலியிடம் கண்டது மனிதருக்கான மருந்தாக நெடுந்தூரம் போக வேண்டும். எவ்வளவு இலை, எத்தனை நாள், எந்த மாத்திரையோடு சேரலாம், எதனோடு கூடாது என்று பெரிய அளவிலான மனிதச் சோதனைகளால் வரையறுக்கப்பட்ட அளவு இதற்கு இல்லை. செடிக்குச் செடி, பருவத்துக்குப் பருவம் ஆல்கலாய்டின் அளவும் மாறும். பிரச்சினை இலையில் நஞ்சு இருக்கிறது என்பது மட்டுமன்று. ஒரு குவளையில் என்ன, எவ்வளவு இருக்கிறது என்பதை யாரும் சொல்ல முடியாது என்பதே பெரிய பிரச்சினை. அன்று அக்காவின் சர்க்கரை தாழ்ந்தது மாத்திரையாலா, கஷாயத்தாலா, காலை உணவு தவறியதாலா என்று எந்த மருத்துவராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அளவு தெரியாத ஒன்று கணக்கில் நுழைந்தால் மற்ற அளவுகளும் பயனற்றுப் போகின்றன.

இது ஒரு குடும்பத்தின் கதை மட்டுமன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உள்ளது. தமிழகத்தில் 14.4 விழுக்காடு. காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரியிலோ 26.3 விழுக்காடு, கோவாவுக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாவது இடம். வளர்ந்தவர்களில் நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை உள்ள மண்ணில், சர்க்கரைக்கு நல்லது என்று பெயரெடுத்த செடி வேலியோரமெல்லாம் இலவசமாகப் பூத்திருக்கிறது. எத்தனை அடுப்படிகளில் குவளைகள் இருக்கும் என்பதை ஊகிக்கலாம். இலவசம் என்பதே இங்கே ஒரு பொருளியல் காரணி. மாத்திரை வாங்கப் பேருந்து ஏறி, வரிசையில் நின்று, ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். இலைக்குக் கையை நீட்டினால் போதும். மருத்துவமனைக்குப் போகும் மறைமுகச் செலவு குறையாதவரை, அறிவுரையால் மட்டும் கஷாயத்தை நிறுத்த முடியாது.

இந்தச் செடியின் வணிகக் கணக்கையும் பார்க்க வேண்டும். தென் தமிழகத்தின் மானாவாரி நிலங்களில் நித்தியகல்யாணி பயிரிடப்படுகிறது. இலையும் வேரும் ஏற்றுமதியாகின்றன. வறட்சியைத் தாங்கும், கால்நடை மேயாது என்பதால் உழவருக்கு இது வசதியான பயிர். ஆனால், ஒரு கிராம் மருந்தில் ஐந்நூறு வேளைகள் அடங்கிவிடும். உலகத்துக்கே தேவைப்படும் மருந்தின் எடை மிகச் சிறியது. வாங்குவோர் மிகச் சிலர். விற்போர் பலராகவும் வாங்குவோர் சிலராகவும் உள்ள சந்தையில் விலையை யார் தீர்மானிப்பார் என்பதைப் பொருளியல் முதலாண்டு மாணவரே சொல்லிவிடுவார். மதிப்பு உண்டாவது வயலில் அன்று, பிரித்தெடுக்கும் ஆலையில்.

அந்த ஆலையை இந்தியா தானே அமைத்துக்கொண்டது நினைவில் வைக்க வேண்டிய வரலாறு. 1970ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், மருந்துகளுக்குப் பொருள் காப்புரிமை தராமல் செய்முறைக் காப்புரிமையை மட்டும் தந்தது. அந்தச் சூழலில் புணேயிலுள்ள தேசிய வேதியியல் ஆய்வகமும் சிப்லா நிறுவனமும் இணைந்து, 1980களில் வின்பிளாஸ்டினையும் வின்கிரிஸ்டினையும் இந்திய இலையிலிருந்து உள்நாட்டிலேயே தயாரிக்க வழிகண்டன. அரசு ஆய்வகமும் தனியார் ஆலையும் உழவரின் விளைச்சலும் ஒரு கோட்டில் சந்தித்த அரிய நிகழ்வு அது. இன்று இவ்விரு மருந்துகளும் நம் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலிலும் உள்ளன.

ஆனால், மருந்து மலிவானால் மட்டும் போதாது. 2019இல் அமெரிக்காவில் வின்கிரிஸ்டின் தயாரித்துவந்த இரு நிறுவனங்களில் ஒன்று விலகிக்கொண்டது. எஞ்சிய ஒன்றால் ஈடுகொடுக்க இயலாமல், உலகின் மிகப் பணக்கார நாட்டில் குழந்தைகளின் புற்றுநோய் மருந்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. லாபம் குறைந்த பழைய மருந்தைத் தயாரிக்க யாரும் போட்டியிடுவதில்லை. சந்தை இயல்பாகவே ஒருவரிடம் ஒதுங்குகிறது. அந்த ஒருவர் தடுமாறினால் எல்லோரும் தடுமாறுகிறார்கள். விலைக்கட்டுப்பாடு பேசும் நாம், ஒன்றுக்கு மேற்பட்ட தயாரிப்பாளர்கள் நிலைத்திருக்கும் வகையில் அரசின் கொள்முதல் அமைந்திருக்கிறதா என்பதையும் பேச வேண்டும்.

மறுபுறம், 2022இல் வெளியான ஓர் ஆய்வு உழவர்கள் கவனிக்க வேண்டியது. டென்மார்க்கை மையமாகக் கொண்ட அறிவியலாளர் குழு, ஈஸ்ட் என்ற நுண்ணுயிரியின் மரபை மாற்றியமைத்து, செடிக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட படிகளில் நிகழும் வேதிவினையை நொதிக்கலனில் நிகழ்த்திக் காட்டியது. அதில் கிடைத்த இரு மூலப்பொருள்களை இணைத்து வின்பிளாஸ்டின் உருவாக்கப்பட்டது. இது வணிக அளவுக்கு வளர்ந்தால் இலை எதற்கு? 1897இல் ஜெர்மனியின் செயற்கை நீலம் சந்தைக்கு வந்த பிறகு நம் அவுரி வயல்களுக்கு என்ன ஆயிற்று என்பதைத் தென்னாற்காடு அறியும். புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத்துணி ஒரு காலத்தில் மேற்கு ஆப்பிரிக்கா வரை போனது. ஆகவே, மூலிகை விவசாயத்தில் கோடி கொட்டும் என்று ஆசைகாட்டும் விளம்பரங்களை நம்பி, எழுத்துவழிக் கொள்முதல் ஒப்பந்தம் இல்லாமல் காரைக்கால், நாகை உழவர்கள் இதில் இறங்கக் கூடாது.

கடைசியாக, நியாயம் குறித்த கேள்வி. செடியின் தாயகமான மடகாஸ்கருக்கு இம்மருந்துகளின் வருவாயில் பங்கு கிடைக்கவில்லை என்ற குற்றச்சாட்டு நெடுநாளாக உண்டு. உயிரியல் பன்மயத்துக்கான உலக உடன்படிக்கை பிறந்ததே 1992இல்தான். கேரளத்தின் காணிப் பழங்குடியினர் காட்டிய ஆரோக்கியப்பச்சையிலிருந்து ஒரு மருந்து உருவாக்கப்பட்டபோது, அதன் உரிமத் தொகையிலும் உரிமைப் பங்கிலும் பாதி அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அங்கே அறிவு யாருடையது என்பது தெளிவாக இருந்தது. நித்தியகல்யாணியில் அது தெளிவாக இல்லை. செடி மடகாஸ்கருடையது. உறையில் வந்த இலை ஜமைக்காவினுடையது. மக்கள் சொன்ன நோயோ நீரிழிவு. கிடைத்த மருந்தோ புற்றுக்கானது. பங்கை யாருக்கு எழுதுவது?

என் கருத்தில், இத்தகைய பொதுச்சொத்துக்கு உரிய பங்கீடு பணமாக அன்று, மருந்து கிடைப்பதாகவே அமைய வேண்டும். மடகாஸ்கரிலோ ஜமைக்காவிலோ காரைக்காலிலோ ஒரு மீனவரின் குழந்தைக்கு ரத்தப் புற்று வந்தால், இந்த மருந்து தட்டுப்பாடின்றி, விலை பாராமல் கிடைக்க வேண்டும். செடியை உலகுக்குக் கொடுத்தவர்களுக்கும், வேலியோரத்தில் காத்து வைத்திருந்தவர்களுக்கும் உலகம் செலுத்தக்கூடிய நேர்மையான உரிமத்தொகை அதுவே.

உள்ளூரில் செய்யக்கூடியவையும் உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்மயச் சட்டம், உள்ளாட்சிதோறும் மக்கள் பன்மயப் பதிவேடு பேணச் சொல்கிறது. கடலோரக் கிராமங்களில் எந்த இலையை எதற்கு, எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை அதில் பதிவு செய்யலாம். காரைக்காலில் வேளாண் கல்லூரியும் ஜிப்மர் வளாகமும் உள்ளன. அப்பதிவிலிருந்து ஆராயத்தக்கதை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால், செலவே இல்லாத ஒன்றை நாளையே தொடங்கலாம். "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்பதோடு, "என்ன இலை, என்ன கஷாயம் குடிக்கிறீர்கள்?" என்றும் மருத்துவர்கள் கேட்க வேண்டும். கேட்கும் குரலில் ஏளனம் இருக்கக் கூடாது. ஏளனம் இருந்தால் அக்காக்கள் உண்மையைச் சொல்ல மாட்டார்கள்.

இப்போது அக்கா கஷாயத்தை நிறுத்திவிட்டார். மீன்கார அம்மாளிடம் நானே பேசினேன். இந்தச் செடியிலிருந்துதான் புற்றுநோய் கண்ட பிள்ளைகளுக்கு மருந்து எடுக்கிறார்கள் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. "அவ்வளவு பலமான செடியா! அப்ப இத நாமளா அளவு பாத்துக் குடிக்கக் கூடாதுதான்" என்றார். மருந்தியல் நூல்கள் பல பக்கங்களில் சொல்வதை அவர் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். மதித்துச் சொன்னால் மக்களுக்குப் புரியும்.

வாசலில் அக்கா வைத்த நித்தியகல்யாணி இன்றும் பூக்கிறது. அதைப் பிடுங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.